மாப்பிள்ளை பாலைவனம் போறார்

வாங்க மாப்பிள்ளே, இப்படி நாற்காலியில உக்காருங்க. உங்க திட்டத்தை உங்க பொண்டாட்டி, அதான் என் பேத்தி, போன்ல காமிச்சா. கண்ணாடியைத் துடைச்சுக்கினு நிதானமா படிச்சேன். உங்க கல்யாணத்துக்குக்கூட நாங்க இவ்ளோ நீளமா பட்டியல் போடலே. ஜெய்சல்மேர்ல நாலு ராத்திரி. மணல்மேட்டுல கூடாரம். ஒட்டகம் ரெண்டு. புதுக் காமிரா, அதுக்கு அகலமா பார்க்கிற லென்ஸு, கார்பன்ல செஞ்ச முக்காலி, எல்லாத்தையும் போட்டுக்க ஒரு முதுகுப்பை, அந்தப் பைக்கு ஒரு மழை உறை. பாலைவனத்துக்கு மழை உறை எடுத்துக்கினு போற முத ஆளு எங்க வீட்டு மாப்பிள்ளைதான்னு தெரு பூரா சொல்லிக்கினு இருக்கேன்.

தேதி என்னன்னு பார்த்தேன். டிசம்பர் கடைசி வாரம். கம்பெனியில அப்பதான் லீவாம், அங்கேயும் அப்பதான் சீசனாம், குளுகுளுன்னு இருக்குமாம். நியாயம்தான். மேனேஜரைக் கேட்டீங்க, டிராவல்ஸ்காரரைக் கேட்டீங்க, ஒட்டகக்காரரை இந்தியிலயே கேட்டீங்களாம். எல்லாரும் சரின்னுட்டாங்க. மணலுக்கு மேல பால்வீதி எழும்பி நிக்கிற படம்தானே உங்களுக்கு வேணும்? அந்தப் பால்வீதிக்கு அந்த வாரம் கால்ஷீட் இருக்குதான்னு யாரையாவது கேட்டீங்களா?

கேக்கலே. திண்ணையில ஒரு கிழவன் உக்காந்திருக்கான், அவனைக் கேட்டாலே சொல்லியிருப்பான். இந்த அபார்ட்மென்ட் கட்டின இடம் இன்னான்னு நினைக்கிறீங்க? எங்க கழனி. மோட்டாருக்குப் பாதி ராத்திரியிலதான் கரண்டு விடுவாங்க. மடையைத் திருப்பி விட்டுட்டு வரப்புல உக்காந்தா, மேல பார்க்கிறதைத் தவிர வேற வேலை கெடையாது. இப்ப நீங்க மூணாவது மாடியில ஏசி போட்டுக்கினு தூங்குற இடத்துக்கு மேலதான் கேட்டை நட்சத்திரம் செவசெவன்னு போகும். அதுக்கு இப்பவும் வாடகை குடுக்காமதான் இருக்கீங்க.

சரி, விஷயத்துக்கு வர்றேன். மார்கழியில சூரியன் எந்த ராசியில இருக்கான்? தனுசு. அதனாலதான் தனுர் மாசம்னு பூந்தமல்லி வரதராஜப் பெருமாள் கோயில்ல விடியக்காலையில பொங்கல் குடுக்கிறாங்க. நீங்களும் வரிசையில நின்னு ரெண்டு தொன்னை வாங்கினதை நான் பார்த்தேன். அந்தத் தனுசு ராசியிலதான், மூல நட்சத்திரத்துக்குப் பக்கத்துல, பால்வீதியோட நடுமையம் இருக்குது. பளபளன்னு, கறுப்பும் வெளுப்புமா, நீங்க படத்துல பார்த்து மயங்கினீங்களே, அது அந்த நடுமையம்தான். மார்கழி பொறந்த ரெண்டு மூணு நாள்ல சூரியன் அதைத் தாண்டிப் போறான். அப்படீன்னா, நீங்க எந்த ஆளைப் படம் பிடிக்க ரெண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல போறீங்களோ, அவன் அந்த வாரம் சூரியனோட சேர்ந்து மேல வந்து, சூரியனோடவே இறங்கிடுவான். பகல் பூரா உங்க தலைக்கு மேலதான் இருப்பான். போய்ப் பட்டப்பகல்ல எடுங்க.

மொகத்தை ஏன் அப்படி வெச்சிக்கிறீங்க? வானம் ஒண்ணும் காலியா இருக்காது. கார்த்திகைக் கூட்டம் இருக்கும், ரோகிணி இருக்கும், மிருகசீரிடமும் திருவாதிரையும் ராத்திரி பூரா நிக்கும். மார்கழித் திருவாதிரைக்குக் களி கிண்டுறாங்களே, அப்ப பௌர்ணமி நிலா அந்த நட்சத்திரத்துக்கிட்டதான் நிக்கும். சூரியனுக்கு நேர் எதிர்ப்பக்கம்னா அதானே அர்த்தம்? டிசம்பர் 14 வாக்குல மிதுன ராசிப் பக்கத்துலேர்ந்து ஜெமினிட் எரிகல்லுங்க சரசரன்னு விழும். நீங்க போறது அது முடிஞ்ச ரெண்டு வாரத்துக்கு அப்பால. எப்படித்தான் இப்படி நாள் பார்த்தீங்களோ. ஜோசியர் வெச்சுத் தேடினாக்கூட இப்படி ஒரு வாரம் கெடைக்காது.

உடனே இன்னா செய்வீங்கன்னு எனக்குத் தெரியும். லீவை பிப்ரவரிக்கு மாத்துவீங்க. ஏன்னா நெட்டுல தேடினா ஜெய்சல்மேர் பாலைவனத் திருவிழான்னு முத வரியில வரும். ஒட்டக ஓட்டம், தலைப்பாகை கட்டுற போட்டி, மீசைப் போட்டி. மீசைப் போட்டிக்கு உங்களை அனுப்ப முடியாது, அதை விடுங்க. அந்தத் திருவிழாவை எப்ப வெக்கிறாங்க? மாக மாசப் பௌர்ணமியை ஒட்டி மூணு நாள். பௌர்ணமி வெளிச்சத்துல மணல்மேடு அழகாத்தான் இருக்கும். ஜனங்க பாட்டுக் கேக்க, ஒட்டகம் பார்க்க அதான் தோது. பால்வீதி பார்க்கப் போற ஆளுக்கு வருஷத்துலயே அதைவிட மோசமான ராத்திரி அமையாது. நிலா ஒண்ணு போதும், சின்ன நட்சத்திரத்தை எல்லாம் கழுவித் துடைச்சுடும்.

போன்ல ஏதோ ஆப் இறக்கியிருக்கீங்களாம். போட்டோபில்ஸாம், ஸ்டெல்லேரியமாம். எந்த மணிக்கு எந்தத் திசையில பால்வீதி எழும்பும்னு கோடு போட்டுக் காட்டுமாம். நல்ல சாமான்தான், நான் குத்தம் சொல்லலே. காசு குடுத்து வாங்கினீங்க, ஒரு தரமாவது தொறந்து பார்த்திருக்கலாம். பார்க்க சோம்பேறித்தனமா இருந்தா, தோ, ஆணியில பாம்புப் பஞ்சாங்கம் தொங்குது. பௌர்ணமி அன்னிக்கு நிலா சூரியன் இறங்கறப்போ மொளைக்கும். அப்பால ஒவ்வொரு நாளும் கிட்டத்தட்ட ரெண்டு நாழிகை, அதாவது முக்கால் மணிக்கும் மேல, லேட்டா வரும். பௌர்ணமி கழிஞ்சு எத்தனாவது நாளோ அதை ரெண்டால பெருக்குங்க; பொழுது சாஞ்சதுலேர்ந்து அத்தனை நாழிகைக்கு நிலாத் தொல்லை இல்லை. இதுக்கு சார்ஜும் போட வேணாம், சிக்னலும் வேணாம்.

அமாவாசையையே கட்டிக்கினு அழணும்னும் இல்லை. வளர்பிறையில மூணாம் பிறை, நாலாம் பிறை நல்ல ஆளுங்க. சாயங்காலம் மேற்கே கொஞ்ச நேரம் நின்னு, மணல் மேட்டுக்குப் பக்கவாட்டுல வெளிச்சம் குடுத்துட்டு, நாகரிகமா இறங்கிப் போயிடும். அந்த வெளிச்சத்துல மணலை ஒரு படம் எடுத்து வெச்சுக்கினு, காமிராவை அசைக்காம விடியக்காலையில வானத்தை ஒரு படம் எடுத்து, ரெண்டையும் ஒண்ணா சேர்க்கிறாங்களாம். அது நேர்மையா இல்லையான்னு உங்க ஆளுங்க மண்டையை ஒடைச்சுக்கறாங்களாம். கல்யாண ஆல்பத்துல உங்க மாமனார் தலையில முடி மொளைச்சதே, அதைவிட இது ஒண்ணும் பாவம் இல்லை.

இன்னொரு சங்கதி. பாலைவனத்துக்குப் போனா வானம் பக்கத்துல வந்துடும்னு நினைக்கிறீங்க. அங்க காத்துல ஈரம் கம்மி, மேகம் கம்மி, ஊரை விட்டுத் தள்ளிப் போனா நல்ல இருட்டு. ஒத்துக்கிறேன். ஆனா நாம இருக்கிறது 13-வது டிகிரி, ஜெய்சல்மேர் 27-வது டிகிரி. பால்வீதியோட நடுமையமோ தெக்கத்தி ஆளு. நம்ம ஊர்ல அது உச்சிக்கு வர்றப்போ 48 டிகிரி ஒசரத்துல நிக்கும். ஜெய்சல்மேர்ல 34 தான். திரிசங்குன்னு சொல்ற தென்சிலுவை நம்ம ஊர்ல 17 டிகிரி வரைக்கும் ஏறும். அங்க 3 டிகிரி, அதாவது மணலோட மணலா போயிடும். அகத்திய நட்சத்திரமும் இங்கதான் ஒசரம். அங்க ஒசந்து நிக்கிறது துருவ நட்சத்திரம் மட்டும்தான். அதைச் சுத்தி மத்ததெல்லாம் வட்டம் போடுற படம் எடுக்கணும்னா தாராளமா போங்க. கோட்டையை முன்னால வெச்சுக்கினு முக்காலியை வடக்குப் பாத்து நட்டுட்டு ரெண்டு மணி நேரம் தூங்கலாம். உங்களுக்கு அதுதான் ஒத்து வரும்னு பேத்தி சொல்றா.

நம்ம ஊர் வானம் ஏதோ ஏப்பை சாப்பைன்னு நினைச்சுடாதீங்க. நுங்கம்பாக்கத்துல 1792லயே கும்பினிக்காரன் வானத்தைப் பார்க்க மாளிகை கட்டினான். இப்ப மழை வருமா வராதான்னு டிவியில சொல்றாங்களே, அந்த ஆபீசு வளாகம்தான். அந்தக் காலத்துக் கருங்கல் தூண் இன்னும் அங்க நிக்குது, தமிழ் எழுத்தும் அதுல வெட்டியிருக்கு. 1861ல நார்மன் போக்சன்னு ஒரு தொரை அங்கேர்ந்துதான் ஒரு குறுங்கோளைக் கண்டுபிடிச்சு, அதுக்கு ஏசியான்னு பேர் வெச்சார். அவர்கிட்ட உதவியாளரா இருந்தார் நம்ம சிந்தாமணி ரகுநாதாச்சாரி. 1867ல, வெளிச்சம் கூடிக் கொறையிற ஒரு நட்சத்திரத்தை அவர் பிடிச்சார். தெற்கு வானத்து ஓரத்துல ரெட்டிகுலம்னு ஒரு கூட்டம், அதுல இருக்குது. நுங்கம்பாக்கத்துலேர்ந்து பார்த்தா அது ஏறுறதே ஒரு 14 டிகிரிதான். தென்னந்தோப்பு ஒசரம் தாண்டினதும் தெரியற சமாசாரம். ஜெய்சல்மேர்ல அது தரையை விட்டே எழும்பாது. மவுண்ட் ரோடு பக்கத்துல உக்காந்துக்கினு ஒரு மனுஷன் பிடிச்ச நட்சத்திரத்தை, நீங்க பாலைவனத்துக்குப் போனாலும் பார்க்க முடியாது. பூந்தமல்லி பாலத்துல நின்னு பார்க்க முடியுமான்னு கேக்காதீங்க. அங்க நின்னா எதிர்ல வர்ற லாரியைத் தவிர ஒண்ணும் தெரியாது.

அந்தப் பாலத்துலேர்ந்து நேரா போற பெங்களூர் ரோடு எங்க போகுது தெரியுமா? நீங்க பிரியாணி தின்ன ஆம்பூர் வரைக்கும் போனவர். இன்னும் கொஞ்சம் போய் வாணியம்பாடியில திரும்பினா ஆலங்காயம், அதுக்கு மேல ஜவ்வாது மலையில காவலூர். எங்க சம்பந்தி வகையறா ஆலங்காயத்துல இருந்தாங்க, அதனால எனக்கு அந்த மலை பழக்கம். வைனு பாப்புன்னு ஒரு விஞ்ஞானி இடம் தேடி, காவலூர்தான்னு முடிவு பண்ணினார். ஏன்? காடு, இருட்டு, அதோட வடக்கு வானமும் தெற்கு வானமும் ஒரே இடத்துலேர்ந்து கெடைக்கும். பாலைவனத்துல எல்லாம் நாலு தரம் சுத்தி வந்துட்டா சொன்னார்னு கேப்பீங்க. எனக்கு அது தெரியாது. பலன் தெரியும். 1977 மார்ச்சுல யுரேனஸ் கிரகத்தைச் சுத்தி வளையம் இருக்குதுன்னு கண்டுபிடிச்சப்போ, காவலூர்லயும் அதைப் பார்த்துப் பதிவு பண்ணினாங்க. 1986ல ராஜீவ் காந்தி வந்து 2.34 மீட்டர் டெலஸ்கோப்பைத் தொறந்து வெச்சார். அதுக்கு பாப்பு பேரையே வெச்சாங்க. அவர் அதுக்குள்ள காலமாயிட்டார்.

அங்க போனா காப்புக்காட்டுல உங்க இஷ்டத்துக்கு முக்காலி நட முடியாது. டெலஸ்கோப் பக்கம் கார் ஹெட்லைட்டு அடிச்சீங்கன்னா விஞ்ஞானிங்க சாபம் விடுவாங்க. ஜமுனாமரத்தூர் பக்கம் தங்க எடம் பிடிச்சு, யார் நிலத்துல நிக்கிறமோ அவங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு நில்லுங்க. மலைக்காரங்க நல்ல ஜனங்க. ராத்திரி ரெண்டு மணிக்கு இன்னா பண்றீங்கன்னு கேப்பாங்க. நட்சத்திரத்தைப் படம் எடுக்கிறேன்னு சொல்லுங்க. சிரிப்பாங்க. பொறுத்துக்கணும்.

நீங்க மொதல்ல ஜெய்சல்மேருக்கும் போக வேணாம், காவலூருக்கும் போக வேணாம். மொட்டை மாடிக்குப் போங்க. எத்தனை நட்சத்திரம் தெரியுதுன்னு எண்ணுங்க. போன வாரம் நீங்க பேத்திக்குக் காமிச்சீங்களே ஒரு நட்சத்திரம், அது மீனம்பாக்கத்துல இறங்குற ஏரோப்ளேன். பக்கத்துல ஒண்ணு செவப்பா மினுக்குச்சே, அது செல்போன் டவர். 1961ல ஆவடியில டேங்க் ஃபேக்டரி வந்துச்சு, 1964ல அம்பத்தூர் எஸ்டேட்டு வந்துச்சு. சோறு போட்ட வெளிச்சம் அது, நான் நாக்கு மேல பல்லைப் போட்டுத் திட்ட மாட்டேன். ஆனா இப்ப வெச்சிருக்கிற எல்இடி லைட்டு ரோட்டைப் பார்க்கிறதைவிட ஆகாசத்தைத்தான் அதிகமா பார்க்குது. அமெரிக்காவுல டூசான்னு ஒரு ஊரு, நெஜமான பாலைவன ஊரு. பக்கத்து மலை டெலஸ்கோப்புங்களுக்காக, லைட்டுக்குத் தொப்பி போட்டுக் கீழே பார்க்க வையுன்னு 1972லயே சட்டம் போட்டுட்டாங்க. நம்ம லடாக்குல ஹான்லேன்னு ஒரு இடத்தை 2022ல இருள் வானக் காப்பகம்னு அறிவிச்சாங்க. அங்க கிராமத்து ஜனங்களே ஜன்னலுக்குத் திரை போட்டுக்கிறாங்களாம். நம்ம அபார்ட்மென்ட் சங்கத்துல இதை நீங்களே தீர்மானமா கொண்டாங்களேன். வாட்ஸ்அப் குரூப்புல உங்களுக்கு நடக்கிற அர்ச்சனையைப் படிச்சுக்கினு நான் ஒரு மாசம் பொழுதைப் போக்குவேன்.

பழக இடம் வேணும்னா மேற்கே போகணும். ஆனா ஆவடியில நிக்காதீங்க. சொல்லிட்டேன். ராணுவ மதில் ஓரமா ராத்திரி ரெண்டு மணிக்கு, மூணு காலோட, நீள மூக்கோட ஒரு கறுப்புச் சாமானை நட்டு வெச்சா, போட்டோ எடுக்கப் போன நீங்க போட்டோ ஆயிடுவீங்க. முன்பக்கம் ஒண்ணு, சைடுல ஒண்ணு. திருநின்றவூர், திருவள்ளூர் எல்லாம் தாண்டிப் பூண்டிக்குப் போங்க. கொசஸ்தலையாத்துக்குக் குறுக்கே 1944ல கட்டி முடிச்ச ஏரி, சத்தியமூர்த்தி பேரு வெச்சிருக்கு. பக்கத்துல அத்திரம்பாக்கம். 1863ல ராபர்ட் புரூஸ் ஃபுட் கல்லாயுதம் எடுத்த எடம். அங்க கெடைச்சதுல சிலது 3,85,000 வருஷப் பழசுன்னு 2018ல எழுதினாங்க. அவ்ளோ காலமா அங்க மனுஷன் ராத்திரியில மேல பார்த்துக்கினு இருந்திருக்கான். யாரும் முக்காலி கொண்டு போனதா அடையாளம் இல்லை.

பூண்டியில ஒரு சிக்கல் இருக்குது. பால்வீதி நடுமையம் மொளைக்கிறது தென்கிழக்குல. பூண்டிக்குத் தென்கிழக்குல இன்னா இருக்குது? நாமதான். ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லி, மொத்த வெளிச்சமும் அந்தப் பக்கம் ஆரஞ்சுப் புகையா எழும்பி நிக்கும். அதனால மொளைச்ச ஒடனே எடுக்காதீங்க. மார்ச்சு நடுவுல ராத்திரி ஒரு மணி வாக்குல மொளைக்கும். நாலே முக்காலுக்கெல்லாம் நல்லா ஒசந்து தெற்கே சாய ஆரம்பிச்சிருக்கும். அதுக்கு அப்பால கொஞ்ச நேரத்துல கிழக்கு வெளுத்துடும். சித்திரையில இன்னும் சௌகரியம், ரெண்டரைக்கும் நாலரைக்கும் நடுவுல நேர் தெற்கே வந்து நிக்கும். விடியக்காலை ரெண்டரை மணின்னு ஒண்ணு இருக்குது மாப்பிள்ளே. ஆபீஸ் மீட்டிங்குல பார்த்திருப்பீங்களே, அமெரிக்காக்காரன் கூப்பிட்டா.

காமிராவைப் பத்தி நான் இன்னா சொல்றது, நீங்க இஞ்சினீயரு. இருந்தாலும் பேத்தி படிச்சுக் காட்டினதுல எனக்குப் புரிஞ்சதைச் சொல்றேன். பூமி ஒரு நாழிகைக்கு 6 டிகிரி திரும்புது. ரொம்ப நேரம் காமிரா கண்ணைத் தொறந்து வெச்சா நட்சத்திரம் புள்ளியா விழாது, கோடா இழுக்கும். அதுக்கு ஒரு கணக்கு வெச்சிருக்காங்க: 500ஐ லென்ஸ் நம்பரால வகுக்கணும். உங்க லென்ஸு 20 எம்எம், அப்ப 25 செகண்டு. ஆனா உங்க காமிராவுல சென்சார் சின்னது, நீங்க அதை யார்கிட்டயும் சொல்லிக்கிறதில்லை. அப்ப 20ஐ ஒண்ணரையால பெருக்கி 30ன்னு வெச்சு வகுக்கணும். 16 செகண்டுதான் வரும். லென்ஸை எஃப் 2.8ன்னு முழுசா தொறந்து, ஐஎஸ்ஓவை 3200ல வெச்சு, ரா ஃபைலா எடுங்க. கையால அமுக்காதீங்க, ரெண்டு செகண்டு டைமர் போடுங்க, உங்க கை காபி டம்ளரையே ஆட்டும்.

ஃபோகஸ்தான் பெரிய கூத்து. இருட்டுல தானா ஃபோகஸ் பண்ணுன்னு விட்டா, அது முன்னயும் பின்னயும் துழாவிட்டுக் கடைசியில கொசுவைப் பிடிக்கும். அதை அணைச்சுட்டு, பிரகாசமான நட்சத்திரம் ஒண்ணைத் திரையில பெருசாக்கி, வளையத்தைத் திருப்பித் திருப்பி அந்தப் புள்ளி எப்ப ரொம்பச் சின்னதா ஆவுதோ அங்க நிறுத்தி, டேப்பு ஒட்டிடுங்க. ஏசி ரூம்லேர்ந்து காமிராவை எடுத்துக்கினு போய் ஏரிக்கரையில தொறந்தா லென்ஸு வேர்த்துடும். பையை மூடினபடியே அரை மணி நேரம் வெளியில வெச்சுட்டு அப்பால தொறங்க. இருட்டுக்குக் கண்ணு பழக இருவது முப்பது நிமிஷம் ஆவும். அதுக்கு நடுவுல போனைப் பார்த்தா மறுபடியும் மொதல்லேர்ந்து. எங்க பேத்தி போன் பண்ணா எடுக்காம இருந்துடாதீங்க. நட்சத்திரம் நாளைக்கும் வரும், அவ பேச்சு நாளைக்கு வராது. திரையைச் செவப்பா மாத்தி வெச்சுக்குங்க, ரெண்டும் நடக்கும்.

இதெல்லாம் பூண்டியில பழகிட்டு அப்பால பாலைவனம் போங்க. போக வேணாம்னா நான் சொன்னேன்? 1156ல ராவல் ஜெய்சால் கட்டின கோட்டை. மஞ்சக் கல்லு, சாயங்கால வெயில் பட்டா தங்கமா ஜொலிக்கும். 1974ல சத்யஜித் ரே சோனார் கெல்லான்னு படமே எடுத்தார். அந்தக் கோட்டைக்குள்ள இன்னும் ஜனங்க குடியிருக்காங்க, துணி காயப் போடுறாங்க. காயப் போட்ட துணியோடவே எடுங்க, அதான் நல்லா இருக்கும்.

கூடாரத்தை சம் மணல்மேட்டுல போட்டிருக்கீங்க. ஊருக்கு மேற்கே 40 கிலோமீட்டர். இருட்டா இருக்கும்னு நினைச்சீங்க. அங்க வரிசையா கூடாரம், கூடாரத்துக்குக் கூடாரம் ஜெனரேட்டர், டான்சு, டிஜே, கலர் லைட்டு. அம்பத்தூர் எஸ்டேட்டை மணல்ல பார்க்கணும்னா அதுக்குக் காசு குடுத்துப் போகலாம். குரி பக்கம் போங்க, அங்க கூச்சல் கம்மி. மணல்மேட்டைச் சாயங்காலம் எடுக்காதீங்க. அன்னிக்கு வந்த சுற்றுலாக்காரன் அத்தனை பேரும் நடந்து, மாக்கோலத்துல கோழி மேஞ்ச கதையா கெடக்கும். ராத்திரி காத்து அடிச்சு எல்லாத்தையும் தடவிச் சரி பண்ணும். விடியக்காலையில மொத ஆளா போய், சாஞ்ச வெயில்ல வரி வரியா நிழல் விழறப்போ எடுங்க. எடுக்கப் போற பக்கம் நீங்களே நடந்து வெச்சுடாதீங்க. அப்புறம் அந்தக் காலடி யாருதுன்னு ஒட்டகத்து மேல பழி போடுவீங்க. காத்து அடிக்கிறப்போ லென்ஸைக் கழட்டவே கழட்டாதீங்க. அந்த மணல் ரிப்பேர் கடைக்காரன் பிள்ளையைப் படிக்க வெக்கும்.

படா பாக்ல ராஜாக்களோட சமாதி மண்டபம் வரிசையா அழகா இருக்கும். பின்னால பூரா காத்தாடி, ராத்திரியில செவப்பு லைட்டு மினுக்கும். ஆரல்வாய்மொழியில பார்த்ததுதான். அதை மறைச்சு எடுக்க எங்க நிக்கணும்னு பகல்லயே போய் நின்னு பார்த்து வெச்சுக்குங்க. குல்தாரான்னு ஜனங்க விட்டுட்டுப் போன ஒரு கிராமம் இருக்குது. பாலிவால் பிராமணருங்க ஒரே ராத்திரியில காலி பண்ணினாங்கன்னு கதை. பேய் இருக்குதுன்னும் சொல்வாங்க. இருட்டினா உள்ள விட மாட்டாங்க, அதனால பேயும் நீங்களும் சந்திக்கிற வாய்ப்பு இல்லை. டிரோன் வாங்கலாம்னு கூடையில போட்டு வெச்சிருக்கீங்களாமே. அது எல்லை மாவட்டம். அனுமதி இல்லாம பறக்க விட்டா, ஆவடி மதில் ஓரத்துல நான் சொன்னதே பரவாயில்லைன்னு ஆயிடும்.

இனி தேதி. நானும் பேத்தியும் பஞ்சாங்கத்தையும் உங்க ஆப்பையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பார்த்தோம். மே, ஜூன்ல அங்க வெயில் 40 டிகிரிக்கு மேல, புழுதிப் புயலும் கெளம்பும், வேணாம். நல்ல காலம் ரெண்டுதான். ஒண்ணு மார்ச்சு மாசத்து அமாவாசை. அதுல நடுமையம் விடியக்காலையிலதான் வரும். ஜெய்சல்மேர் மேற்கேயும் வடக்கேயும் தள்ளி இருக்கிறதால நம்ம கடிகாரத்துக்கு இங்கத்தைவிட ஒரு மணி நேரத்துக்கும் மேல லேட்டு, ரெண்டு மணி ஆயிடும். நீங்க எழுந்திருக்க மாட்டீங்க. மார்ச்சுல ஆபீசுல கணக்கு முடிக்கிறாங்க, லீவும் குடுக்க மாட்டாங்க.

இன்னொண்ணு அருமையான காலம். மழைக்காலம் ஓய்ஞ்சு, புழுதி அடங்கி, குளிரும் வந்திருக்காது. நடுமையம் சாயங்காலமே தென்மேற்குல நிக்கும். தூக்கம் கெட வேணாம், ஏழரை மணிக்கு இருட்டினதும் எடுத்துட்டு, ஒம்பதரைக்கு ரொட்டி தின்னப் போகலாம். அன்னிக்கு அமாவாசை. நிலாவே கெடையாது. ஆபீசு லீவும் அவங்களே குடுக்கிறாங்க, கேக்கவே வேணாம். நம்ம ஊர்ல அப்ப மழையும் புகையும், நட்சத்திரம் ஒண்ணும் தெரியாது, அதனால இங்க இருந்தும் பிரயோசனம் இல்லை. அக்டோபர்ல வந்தாதான் இந்த ரெண்டு மணி நேரம். நவம்பருக்குத் தள்ளிப் போற வருஷத்துல அவ்ளோ நேரம் நிக்காது. இந்த வருஷம் அக்டோபர்லதான் வருது, பேத்தி பார்த்துட்டா.

எந்த நாள்னு புரிஞ்சுதா? தீபாவளி.

உங்களுக்குத் தலைதீபாவளி. மாமியார் வீட்டுல இப்பவே மோதிரத்துக்கு அளவு கேட்டுக்கினு இருக்காங்க. அதிரசத்துக்குப் பாகு வெக்கிற ஆளைச் சொல்லி வெச்சாச்சு. உங்க மச்சான் பத்தாயிரம்வாலா வாங்கியாந்து கட்டிலுக்கு அடியில ஒளிச்சு வெச்சிருக்கான். பேத்திக்குச் சம்மதம்தான், ஒட்டகம் மேல ஏறணும்னு அவளுக்கும் ஆசை. ஆனா அவ அம்மாகிட்ட அவ சொல்ல மாட்டாளாம், நீங்கதான் சொல்லணுமாம். நான் சொல்லலாமேன்னு என் மொகத்தைப் பார்க்காதீங்க மாப்பிள்ளே, அந்த வீட்டுலதான் எனக்கு மூணு வேளை சோறு. உங்க மாமியார் இப்ப சமையக்கட்டுலதான் இருக்காங்க. போங்க, போய்ச் சொல்லிட்டு வாங்க. காமிராவை இங்கயே வெச்சுட்டுப் போங்க, அது நல்லா இருக்கட்டும்.